வாசகர் கேள்வி பதில்: லீட்ஸ் மெஸ்ஸுல கீத் மூன்

போன மாசம் ஒரு பதில்ல, போற போக்குல, 'தி ஹூ'ங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட ட்ரம்மர் கீத் மூன் பேரைச் சொல்லித் தொலைச்சுட்டேன். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல அதைப் பத்திதான். செப்டம்பர் 7 அவரோட நினைவு நாள் வேற, அதனால இந்த வாரம் முழுக்க அவருக்கே ஒதுக்கிட்டேன். சமையல் சந்தேகம் கேட்டவங்க எல்லாம் அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கே: சார், நான் திருச்சி பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவுல பன்னெண்டு வருஷமா ட்ரம்ஸ் வாசிக்கிறேன். நீங்க 'தி ஹூ' பேண்டோட கீத் மூனைக் கேட்டே ஆகணும்னு எழுதியிருந்தீங்க, நம்பி வீடியோ போட்டுப் பார்த்தேன். மன்னிச்சுக்கோங்க, எனக்கு அது வாசிப்பாவே தெரியல. கை நாலு பக்கமும் பறக்குது, கேமராவைப் பார்த்து சேட்டை பண்றாரு, கடைசில ட்ரம் கிட்டையே எட்டி உதைக்கிறாரு. நான் இப்படி வாசிச்சா எங்க கீபோர்டு அண்ணன் மேடையிலயே அறைவாரு. ஒரே ஒரு ரெக்கார்டிங் சொல்லுங்க, அதுவும் பிடிக்கலன்னா விட்டுடறேன்.

ப: கீபோர்டு அண்ணன் அறைஞ்சா நான் அவர் பக்கம்தான் தம்பி. கல்யாண மேடையில ஆடறவங்களுக்குக் கால் தப்பாம ஒரே சீரா போய்க்கிட்டே இருக்கணும், அங்க போய் நீங்க மூன் மாதிரி வாசிச்சா மாப்பிள்ளை வீட்டுல இருந்தே ஆள் வருவாங்க.

முதல்ல வீடியோவை மூடுங்க. மூனோட பெரிய பிரச்சினையே அவர் பார்க்க ரொம்ப சுவாரசியமா இருக்கறதுதான், கண்ணு திறந்திருந்தா காது வேலை செய்யாது. 'லைவ் அட் லீட்ஸ்'னு ஒரு ஆல்பம். 1970 பிப்ரவரி 14, இங்கிலாந்துல லீட்ஸ் யுனிவர்சிட்டி, பெரிய அரங்கம் எல்லாம் இல்ல, பசங்க சாப்பிடற மெஸ் ஹால், சுமார் 2,000 பேர். அதுல முதல் பாட்டு 'யங் மேன் ப்ளூஸ்'. இதை மட்டும் கேளுங்க போதும்.

இது அவங்க பாட்டே இல்ல. மோஸ் ஆலிசன்னு மிசிசிப்பிக்காரர், ஜாஸ் பியானோ வாசிக்கிறவர், 1957-ல போட்ட ஆல்பத்துல ஒன்றரை நிமிஷத்துக்கு அமைதியா பாடிட்டுப் போயிருப்பார். அதை எடுத்து இவங்க என்ன பண்றாங்கன்னா, ரோஜர் டால்ட்ரி ஒரு வரியைத் தனியா பாடறார், ஒரு வாத்தியம் கிடையாது, வெறும் குரல். வரி முடிஞ்ச அந்த நொடியில கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் மூணும் ஒண்ணா வந்து விழுது, சுவரே இடிஞ்சு விழற மாதிரி, ஒரு சில செகண்ட் ரகளை, அப்புறம் டக்குன்னு நிக்குது. சிம்பலோட ரீங்காரம் மட்டும் அடங்கிக்கிட்டு இருக்கும், அதுக்குள்ள டால்ட்ரி அடுத்த வரி. திரும்ப இடி, திரும்ப நிறுத்தம்.

நீங்க ட்ரம்மர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. வேகமா அடிக்கறதுக்கு ரெண்டு வருஷ சாதகம் போதும், ஆனா அந்த வேகத்துல போய்க்கிட்டு இருக்கும்போது மூணு பேரும் ஒரே இடத்துல பிரேக் போடணும்னா, அதுவும் பாடறவன் மூச்சு எடுக்கறதுக்கு இடம் விட்டுப் போடணும்னா, கை மட்டும் இருந்தா போதாது. அந்த ஆளு டால்ட்ரியோட வாயையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கணும். காட்டுத்தனமா அடிக்கிறான் அடிக்கிறான்னு உலகமே சொல்லுது, அவன் நிறுத்தற இடத்தைக் கேளுங்கன்னு யாருமே சொல்றதில்ல. என் கட்சி அவ்வளவுதான்.

இப்ப நீங்க சொன்ன 'வாசிப்பாவே தெரியல' விஷயம். அதுலயும் உண்மை இருக்கு. நீங்க, நான் பார்த்த எல்லா ட்ரம்மரும், வலது கையில ஹை-ஹாட்டை (ஒண்ணு மேல ஒண்ணா இருக்கற ஜோடி சிம்பல்) பிடிச்சுக்கிட்டு டிக் டிக்னு எண்ணிக்கிட்டே இருப்பாங்க, ரெண்டுலயும் நாலுலயும் ஸ்நேர் விழும், கால் பேஸ் ட்ரம்மைப் பார்த்துக்கும். மூன் அந்த ஹை-ஹாட்டைப் பெரும்பாலும் தொடவே மாட்டார். ரெண்டு பேஸ் ட்ரம் வெச்சுக்கிட்டு, க்ராஷ் சிம்பல் மேலயே ஓடி, டாம்ல உருட்டி உருட்டி, பாட்டு எங்க போகுதோ அது பின்னாடியே போவார். அப்ப காலத்தை யாரு பிடிக்கிறாங்கன்னு கேட்டீங்கன்னா, பீட் டவுன்ஷெண்டோட கிட்டார்! அந்த பேண்டுல எல்லாமே தலைகீழ். கிட்டாரிஸ்ட் தாளம் பிடிப்பார், பேஸ் வாசிக்கிற ஜான் என்ட்விசில் லீட் கிட்டார் மாதிரி விரலை ஓட்டுவார், ட்ரம்மர் பாடகன் கூடவே சேர்ந்து பாடுவார், கையால. நம்ம கச்சேரி ரசிகர்கள் ஒரு மிருதங்கக்காரரைப் புகழணும்னா 'பாட்டுக்கு வாசிக்கிறார்'னு சொல்வாங்கல்ல, அந்த வார்த்தை மூனுக்கு அப்படியே பொருந்தும். சத்தம்தான் பத்து மடங்கு ஜாஸ்தி.

ஒரு வேலை பண்ணுங்க. இயர்போன்ல போடுங்க, அந்த மிக்ஸ்ல கிட்டார் ஒரு காதுலயும் பேஸ் இன்னொரு காதுலயும் ஒதுங்கி இருக்கும், ட்ரம்ஸும் குரலும் நடுவுல. கிட்டார் வர்ற பக்கத்தைக் கழட்டிடுங்க. இப்ப என்ட்விசிலும் மூனும் மட்டும்தான் ரூம்ல இருப்பாங்க, நடுநடுவுல டால்ட்ரி. முதல் தடவை அப்படிக் கேட்டப்ப எனக்குத் தலை சுத்துச்சு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மறிச்சு ஓடற மாதிரி இருக்கும், ஆனா இடிச்சுக்கவே மாட்டாங்க. அப்புறம் கழட்டினதை மாட்டுங்க, டவுன்ஷெண்ட் உள்ள வந்ததும் எல்லாம் சரியா உக்காரும், ஓஹோ இவர்தான் தூணான்னு புரியும்.

மூன் வாசிச்சா காலம் ஓடும், அதாவது வேகம் கூடிக்கிட்டே போகும்னு ஒரு புகார் உண்டு, அதுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். மூன் வேகம் எடுப்பார்தான், இல்லைன்னு சாதிக்க மாட்டேன். ஆனா அதே ஆளு அடுத்த வருஷம், 1971-ல, 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாட்டுல, ஏற்கெனவே டேப்ல பதிஞ்சு வெச்ச சின்தசைசர் கூட சேர்ந்து வாசிக்க வேண்டி வந்துச்சு. டேப் யாருக்காகவும் காத்திருக்காது. மேடையில தலையில ஹெட்போனை மாட்டிக்கிட்டு எட்டு நிமிஷத்துக்கு மேல அது கூடவே போவார், நடுவுல எல்லாரும் நின்னு சின்தசைசர் மட்டும் ஓடி, திரும்ப அவர் உள்ள விழற இடம் இருக்கே, அதைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க இவருக்குக் காலப்பிரமாணம் இல்லைன்னு.

'லீட்ஸ்'ல 'மை ஜெனரேஷன்' பதினாலு நிமிஷத்துக்கு மேல ஓடும். அதை இன்னைக்கே கேட்காதீங்க. அது முழுக்க மேடையிலயே உருட்டினது, நடுவுல அவங்க 'டாமி' ஆல்பத்துத் துண்டெல்லாம் வந்துட்டுப் போகும், சில இடத்துல டவுன்ஷெண்ட் கிட்டார்ல தனியா எதையோ தேடிக்கிட்டு இருப்பார், மூன் பாய்றதுக்கு முன்னாடி பூனை உக்காந்திருக்குமே அந்த மாதிரி இருப்பார். பிடி கிடைச்சதும் ஒரே பாய்ச்சல்.

கே: ஆப்ல தேடினா 'லைவ் அட் லீட்ஸ்' மூணு நாலு விதமா வருதுங்க. ஒண்ணுல ஆறு பாட்டு, ஒண்ணுல பதினாலு, ஒண்ணுல முப்பதுக்கு மேல. எதைக் கேட்கறது? (நாகர்கோவில் வாசகி)

ப: ஆறு பாட்டுதாம்மா. 1970 மே மாசம் வெளியானது அந்த ஆறுதான், முப்பத்தேழு முப்பத்தெட்டு நிமிஷம். 1995-ல பதினாலாக்கினாங்க, 2001-ல அன்னிக்கு ராத்திரி வாசிச்ச 'டாமி'யையும் சேர்த்து ரெண்டு டிஸ்க்கா போட்டாங்க. எல்லாமே நல்லா இருக்கும், ஆனா முதல் தடவை விருந்துல எல்லா ஐட்டமும் இலையில வெச்சா எதையும் ருசிக்க முடியாது.

அந்த ஆல்பம் வந்த கதையே தனி. 1969-ல அமெரிக்காவுல சுத்தினப்ப கச்சேரி கச்சேரியா டேப் பண்ணி வெச்சிருந்தாங்க, எண்பது மணி நேரத்துக்கு மேல. டவுன்ஷெண்ட் அதை சவுண்ட் பார்த்துக்கிட்ட பாப் பிரிடன் தலையில கட்டிக் கேட்கச் சொன்னாரு, எது நல்லாயிருக்குன்னு முடிவே பண்ண முடியல, கடைசில எல்லாத்தையும் கொளுத்திடுன்னு சொல்லிட்டதா டவுன்ஷெண்டே பின்னாடி சொல்லியிருக்கார். எண்பது மணி நேர கீத் மூன், தீயில! இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியும். அப்புறம்தான் புதுசா ரெண்டே கச்சேரி ஏற்பாடு பண்ணாங்க, பிப்ரவரி 14 லீட்ஸ், மறுநாள் ஹல் நகரம். ஹல்தான் இன்னும் நல்லா வந்துச்சுன்னு அவங்க நினைச்சாங்க, ஆனா டேப்பைப் போட்டுப் பார்த்தா முதல் சில பாட்டுல பேஸ் பதிவாகவே இல்ல. அதனால லீட்ஸ். (ஹல் கச்சேரியும் 2010-ல வெளியாச்சு, விடுபட்ட இடத்துக்கு லீட்ஸ்ல வாசிச்ச பேஸையே எடுத்து ஒட்டினாங்க. ரசிகர்கள் எதையும் விட்டு வைக்க மாட்டாங்க.)

லீட்ஸ் டேப்லயும் டிக் டிக்குன்னு சத்தம் இருந்துச்சு. அதை எடுக்க முடியாம, ரெக்கார்டு நடுவுல இருக்கற லேபிள்லயே, இந்தச் சத்தம் இருக்கறது சரிதான், திருத்தாதீங்கன்னு கையால எழுதிட்டாங்க. அட்டையும் அதே லட்சணம், திருட்டு ரெக்கார்டு மாதிரி வெறும் பழுப்பு நிற அட்டை, மேல ரப்பர் ஸ்டாம்பு குத்தின மாதிரி பேரு. 1995 பதிப்புல கம்ப்யூட்டர் வெச்சு டிக் டிக்கை எல்லாம் துடைச்சுட்டாங்க.

எனக்குக் கிடைச்சது இது எதுவுமே இல்ல. ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் வெச்சிருந்த ரெக்கார்டை ஒரு கேசட் கடையில கொடுத்து அறுபது நிமிஷ கேசட்ல பதிஞ்சு வாங்கினேன். ஒரு பக்கம் முப்பது நிமிஷம்தான், 'மை ஜெனரேஷன்' முடிஞ்சு கடைசிப் பாட்டு 'மேஜிக் பஸ்' கிளம்பி அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள டேப் தீர்ந்து போச்சு. திருப்பிப் போட்டா பஸ் தொடரும்னு பார்த்தா, கடைக்காரர் மறுபக்கத்துல அவர் இஷ்டத்துக்கு மோகன் படப் பாட்டா ரொப்பிக் கொடுத்திருந்தார். ஆறு ஏழு வருஷம் அந்த பஸ் எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னே எனக்குத் தெரியாது.

கே: இவ்வளவு பெரிய ட்ரம்மர்ங்கறீங்க, தனி ஆவர்த்தனம் ஒண்ணு கூட காணோமே?

ப: அவருக்குப் பிடிக்காது. 1974-ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல டவுன்ஷெண்டும் என்ட்விசிலும் வேணும்னே வாசிக்கறதை நிறுத்திட்டு இவரைத் தனியா விட்டுப் பார்த்தாங்க. கொஞ்ச நேரம் வாசிச்சாரு, நிறுத்திட்டு, ட்ரம் சோலோ எல்லாம் போரு-ன்னு கத்திட்டாரு. கூட யாராவது பாடினாத்தான் மனுஷனுக்கு வாசிப்பே வரும்.

கே: நல்லாத்தான் எழுதறீங்க. ஆனா குடிச்சு, மாத்திரை போட்டு, ஹோட்டல் ரூமை உடைச்சு, 32 வயசுல செத்துப் போன ஒருத்தனைப் போய் ஏன் பசங்களுக்கு அறிமுகப்படுத்தறீங்க? எனக்கும் காலேஜ் போற பையன் இருக்கான். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

ப: ஐயா, உங்க கோபத்துக்குப் பதில் சொல்றதை விட அதைக் கூட்டறதுதான் எனக்கு சுலபம். ஹோட்டல் ரூம் எல்லாம் சின்ன விஷயம். அந்தக் கதைகளைத்தான் 'மூன் தி லூன்', அதாவது கிறுக்கு மூன்னு, சிரிச்சுச் சிரிச்சு எழுதினாங்க. சிரிக்க முடியாதது ஒண்ணு இருக்கு. நான் இவ்வளவு புகழ்ந்த லீட்ஸ் கச்சேரிக்கு ஆறு வாரம் முன்னாடி, 1970 ஜனவரி 4, லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டுங்கற ஊர்ல ஒரு பப் வாசல்ல தகராறு. கும்பல் ஒண்ணு மூனோட காரைச் சூழ்ந்துக்கிச்சு. அவரோட டிரைவர் கீழ இறங்கி இருக்கார், உள்ள இருந்த மூன் தப்பிக்கறதுக்காக காரை எடுக்க, அந்த டிரைவர் மேலயே கார் ஏறி ஆள் செத்துப் போனார். விபத்துன்னு தீர்ப்பாச்சு. குடிச்சிருந்தார், லைசன்ஸ் இல்ல, இன்ஷூரன்ஸ் இல்ல, எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார், கோர்ட்டு தண்டனை இல்லாம விட்டுடுச்சு. அவரை அது விட்டதா தெரியல.

இந்த விஷயம் தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் ரொம்ப நாள் அந்த ஆல்பத்தைப் போடல, உண்மையைச் சொல்லணும்னா. அந்த டிரைவர் வீட்டுல பிப்ரவரி 14 எப்படி இருந்திருக்கும்? இங்க அந்த மெஸ் ஹால்ல பாட்டுக்கு நடுவுல மூன் ஜோக்கடிச்சுக்கிட்டு இருக்கறது அதே ரெக்கார்டிங்ல காதுல விழுது. ரெண்டும் ஒரே ஆளு. அதை எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஒண்ணா சேர்த்துப் பார்க்கத் தெரியல, சேர்த்துட்டேன்னு உங்ககிட்ட நடிக்கவும் விரும்பல.

அவர் சாவும் நீங்க நினைக்கற மாதிரி கூத்தடிச்ச ராத்திரியில வரல. 1978 செப்டம்பர் 6 சாயந்திரம் பால் மெக்கார்ட்னி கொடுத்த பார்ட்டிக்குப் போயிட்டு, ஒரு சினிமா பார்த்துட்டு, லண்டன் மேஃபேர்ல தங்கியிருந்த பிளாட்டுக்குத் திரும்பினார். குடியை நிறுத்தறதுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, ஹெமினெவ்ரின்னு பேரு, அதைத்தான் அளவுக்கு மீறிப் போட்டிருந்தார். வயித்துல 32 மாத்திரை இருந்துச்சு, அதுல கரைஞ்ச ஆறே உயிரை எடுக்கப் போதுமா இருந்துச்சு. வயசும் 32. மூணு வாரத்துக்கு முன்னாடிதான் 'ஹூ ஆர் யூ' ஆல்பம் வந்திருந்தது, அட்டைப் படத்துல அவர் திருப்பிப் போட்டு உக்காந்திருக்கற நாற்காலியோட முதுகுல, எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கும்.

உங்க பையன்கிட்ட இதையெல்லாம் மறைக்காம சொல்லுங்க. 1973 நவம்பர்ல சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல கச்சேரி நடுவுலயே ட்ரம்ஸ் மேல மயங்கி விழுந்து, ஆளைத் தூக்கிட்டுப் போய், கூட்டத்துல இருந்து 19 வயசுப் பையன் ஒருத்தனை மேடையில ஏத்தி மிச்சப் பாட்டை வாசிக்க வெச்சாங்களே, அதையும் சொல்லுங்க. அந்தப் பையனுக்கு அது வாழ்க்கையிலயே பெரிய ராத்திரி, மூனுக்கு அது ஞாபகத்துல கூட இருந்திருக்காது. சொல்லிட்டு 'யங் மேன் ப்ளூஸை'யும் போட்டுக் காட்டுங்க.

கே: 'லெட் செப்பலின்' பேண்டோட ட்ரம்மர் ஜான் பான்ஹமா, கீத் மூனா?

ப: வீடு கட்டணும்னா பான்ஹம். ரெண்டு பேரும் 32 வயசுல, ரெண்டு பேரும் செப்டம்பர்ல போனாங்க, இவர் 1978, அவர் 1980. சண்டை போட ரெண்டு பேருமே இல்ல, நாம ஏன்?

கே: மூனுக்கு அப்புறம் அந்த பேண்டுல யாரு வாசிச்சாங்க? யாராவது அவர் மாதிரி வந்தாங்களா?

ப: உடனே வந்தவர் கென்னி ஜோன்ஸ், 'ஃபேசஸ்' பேண்டுல இருந்தவர். நல்ல ட்ரம்மர், ஒழுங்கா காலம் பிடிப்பார், அதான் அங்க பிரச்சினை. ஏற்கெனவே தூணா டவுன்ஷெண்ட் இருக்கற வீட்டுல இன்னொரு தூண் எதுக்கு? அவரைக் குறை சொல்லல, அவர் வேலையை அவர் சரியா செஞ்சார், ஆனா 1979-க்கு அப்புறம் வந்த ரெக்கார்டிங்ல அந்தப் பழைய பாட்டுங்க எல்லாம் கோடு போட்ட நோட்டுல எழுதின மாதிரி இருக்கும்.

1996-ல வந்தவர்தான் ஜாக் ஸ்டார்கி. பீட்டில்ஸ் ரிங்கோ ஸ்டாரோட பையன். ஊரே சொல்லும் ரிங்கோ பையன், அப்பாகிட்டதான் கத்திருப்பான்னு. ஆனா அவருக்குச் சின்ன வயசுல ட்ரம் கிட் வாங்கிக் கொடுத்தது யாருன்னா, வீட்டுக்கு வந்து போய்க்கிட்டு இருந்த கீத் அங்கிள். நம்ம ஊர்ல தாய்மாமன் சீர் மாதிரி வெச்சுக்கோங்களேன். அவர் வாசிப்புல மூன் தெரிவார், ஆனா நகல் எடுத்த மாதிரி இருக்காது. பாடற வரி முடியற இடத்துல டாம்ல ஒரு உருட்டு உருட்டி வாலைப் பிடிப்பார் பாருங்க, அந்த இடத்துல எனக்கு லேசா புல்லரிக்கும்.

கே: அந்த மெஸ் ஹால் இன்னும் இருக்கா?

ப: இருக்கு. 2006-ல வாசல்ல நீலக் கல்வெட்டு ஒண்ணு பதிச்சாங்க, அதே வருஷம் ஜூன்ல டவுன்ஷெண்டும் டால்ட்ரியும் திரும்பி வந்து அங்கேயே வாசிச்சாங்க, ட்ரம்ஸ்ல ஜாக். என்ட்விசில் 2002-லயே போயிட்டார். கச்சேரி நடக்காத நாள்ல அங்க பசங்க தட்டை வெச்சுக்கிட்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க.

திருச்சித் தம்பி, நீங்க கேட்டுட்டு எழுதுங்க. பிடிக்கலன்னாலும் எழுதுங்க. இயர்போன்ல ஒரு பக்கத்தைக் கழட்ட மறந்துடாதீங்க.